மோதல் திரையில் நடக்கட்டும், தெருவில் வேண்டாம்!

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் வாக்கு. சிமுலேட்டர் என்னும் கருவியைப் பற்றி மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்களிடம் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது இந்தப் பழமொழிதான். "திரையைப் பார்த்து ஓட்டிப் பழகினவன் 90 அடி சாலையில பத்தடி ஓட்டுவானா அண்ணாச்சி?" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சிரிப்போடு நாம் நின்றுவிட்டால், நம் பிழைப்பைப் பற்றியும் நம் பிள்ளைகள் நடக்கும் தெருவைப் பற்றியும் வேறு யாரோ முடிவு எடுத்துவிடுவார்கள். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் பட்டம் பெற்றவன் அல்லன். முப்பது ஆண்டுகள் கனரக வண்டி ஓட்டி ஓய்ந்தவன். கிளீனராக லாரியில் ஏறி, உஸ்தாத் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டும் குட்டும் வாங்கி ஸ்டியரிங் பிடித்த தலைமுறை. எங்களுக்குப் பள்ளிக்கூடம் தெருதான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் யார்? சாலையில் நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள், தூக்கக் கலக்கத்தில் மரத்தில் மோதிய ஓட்டுநர்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய அரசின் கணக்கே கூறுகிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல் பலி கொடுத்து நாம் நடத்தி வரும் பள்ளிக்கூடம் இது.

பொம்மை வண்டி கற்றுத் தந்த பாடம்

சிமுலேட்டர் என்பது நின்ற இடத்திலேயே ஓடும் வண்டி. ஓட்டுநர் இருக்கை, ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் உண்மையானவை. கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டிய சாலை மட்டும் திரையில் தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரையில் சாலையும் திரும்பும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள சிமுலேட்டரில் ஒரு முழுக் காரையே பெரிய கூண்டுக்குள் வைத்து, அந்தக் கூண்டை ஓர் அரங்குக்குள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்துகிறார்கள். பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாயும். வளைவில் திரும்பினால் தோள் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுநரின் கண் எங்கே பார்த்தது, கால் எந்த நொடியில் பிரேக்குக்குப் போனது, எவ்வளவு பலமாக அழுத்தியது என்று அத்தனையும் பதிவாகும். நின்றிருக்கும் பஸ்ஸின் பின்னாலிருந்து குழந்தை ஒன்று ஓடி வரும்படி திரையில் காட்டலாம். ஓட்டுநர் பிரேக் போடத் தவறினாலும் எந்தத் தாயும் மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டியதில்லை.

இதனால் யாருக்கு என்ன பயன் என்பவர்களுக்கு ஒரு பழைய வரலாற்றைச் சொல்கிறேன். ஜெர்மனியில் பென்ஸ் நிறுவனத்தார் 1985இல் பெர்லின் நகரில் பெரிய சிமுலேட்டர் ஒன்றை அமைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் சாதாரண ஓட்டுநர்களை அதில் உட்கார வைத்து, திடீர் ஆபத்தைத் திரையில் காட்டிப் பார்த்தார்கள். ஆபத்து வந்தால் மனிதன் பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பான் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். நடந்தது வேறு. பெரும்பாலோர் காலை வேகமாகக் கொண்டுபோனார்களே தவிர, வேண்டிய அளவு அழுத்தவில்லை. பாதி அழுத்தத்தில் தயங்கி, வண்டி மோதும் தறுவாயில்தான் முழுவதும் மிதித்தார்கள்.

அந்தத் தயக்கத்தைக் கண்ட பொறியாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கால் பிரேக்கை மிதிக்கும் வேகத்தைக் கொண்டே இது அவசரம் என்று வண்டி புரிந்துகொண்டு, மீதி அழுத்தத்தைத் தானே கொடுத்துவிடும். 'பிரேக் அசிஸ்ட்' என்ற பெயரில் 1996இல் அது காரில் வந்தது. இன்று உலகெங்கும் கார்களில் இருக்கிறது. ஓட்டுநருக்கு உதவும் கருவிகளில் இதுவும் ஒரு பிள்ளை. ஒரு பொம்மை வண்டியில் மனிதக் காலின் பலவீனத்தைக் கண்டதால் பிறந்த பிள்ளை. இந்தச் சுரைக்காய் கறிக்கு உதவியிருக்கிறது, நண்பர்களே!

நம் வாசலுக்கு வந்துவிட்ட கருவிகள்

இது அயல்நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்குவதற்கு இல்லை. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் வண்டிகள், பஸ், லாரி ஆகியவற்றில் தானாக அவசர பிரேக் போடும் கருவி, ஓட்டுநர் கண் அயர்ந்தால் எச்சரிக்கும் கருவி, தடம் விலகினால் எச்சரிக்கும் கருவி ஆகியவற்றைக் கட்டாயமாக்க மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 மார்ச் மாதத்தில் வரைவு விதிகளை வெளியிட்டது. புதிய கார்கள் பலவற்றிலும் இத்தகைய கருவிகள் வந்துவிட்டன.

என் மைத்துனர் மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். அவன் வண்டியில் இந்தக் கருவிகள் உண்டு. ஆட்டோ ஒன்று முன்னால் புகுந்தால் கத்துகிறதாம். ஸ்கூட்டர் ஒட்டிப் போனால் கத்துகிறதாம். சயானிலிருந்து மாகிம் போவதற்குள் எத்தனை ஆட்டோ, எத்தனை ஸ்கூட்டர்! "மாமா, அது ஓயாம அழுற பிள்ளை மாதிரி. எதுக்கு அழுதுன்னே தெரியல. அமத்தி வெச்சுட்டேன்" என்கிறான். உயிர் காக்க வந்த கருவி வாயடைத்துக் கிடக்கிறது. குற்றம் அவனுடையதா? ஒழுங்காகத் தடம் பிரித்து ஓடும் சாலைக்கென்று அளவு வைத்து, தடமே இல்லாத சாலையில் கொண்டுவந்து விட்டால் வேறென்ன நடக்கும்?

எந்த ஓசைக்கு ஓட்டுநர் திரும்பிப் பார்க்கிறார், எதை வெறும் இரைச்சல் என்று தள்ளிவிடுகிறார், மணி ஒலிப்பது நல்லதா, இருக்கை அதிர்வது நல்லதா, பேசும் குரல் இந்தியில் இருக்க வேண்டுமா, மராத்தியில் இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் சிமுலேட்டரில்தான் பத்திரமாகச் சோதிக்க முடியும். அதே ஆபத்தை நூறு ஓட்டுநர்களுக்கு ஒரே மாதிரி காட்ட நிஜச் சாலையில் எவராலும் இயலாது.

தானே ஓடும் வண்டிகளின் சங்கதி இன்னும் சிக்கலானது. பாதி வழி இயந்திரம் ஓட்டும். தன்னால் முடியாத இடம் வந்ததும் "நீ பிடித்துக்கொள்" என்று மனிதனிடம் விட்டுவிடும். அப்படி விடும்போது மனிதன் சுதாரித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கேள்வியைப் பற்றிய 129 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கட்டுரை ஒன்று, ஒரு வினாடிக்கும் குறைவு முதல் ஏறக்குறைய 20 வினாடி வரை ஆகிறது என்றும், சராசரியாக 2.7 வினாடி என்றும் கூறுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 2.7 வினாடியில் 30 மீட்டர் ஓடிவிடும். கும்பார்வாடா பக்கம் 30 மீட்டருக்குள் எத்தனை பானைக்கூடை, எத்தனை கைவண்டி, எத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பவாயில் நடப்பது

நமக்குச் சில மைல் தொலைவில், பவாய் ஐ.ஐ.டி.யில் சிமுலேட்டர் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே பேராசிரியர் நாகேந்திர வெலகாவும் அவருடைய மாணவர்களும் லைசென்ஸ் பெற்ற 100 ஓட்டுநர்களை உட்கார வைத்து, செல்போன் பேசிக்கொண்டும் செய்தி தட்டிக்கொண்டும் ஓட்டச் சொன்னார்கள். திரையில் திடீரென்று ஒருவர் சாலையைக் கடப்பார். செய்தி தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைக் கண்டு செயல்பட இரு மடங்குக்கும் மேலான நேரம் ஆயிற்று. 2017இல் வெளியான ஆய்வு இது. மது அருந்தியவர், தூக்கம் குறைந்தவர் எப்படி ஓட்டுகிறார் என்பதையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வெங்கடேஷ் பாலசுப்பிரமணியன் குழுவினர், சிமுலேட்டரில் ஓட்டுபவரின் தசைகள் எப்படிச் சோர்கின்றன என்று மின்முனைகளை ஒட்டி அளந்திருக்கிறார்கள்.

குடித்தவனைச் சாலையில் ஓட்டவிட்டுச் சோதிக்க முடியுமா? திரையில் முடியும். அந்த ஒன்றுக்காகவே இந்தக் கருவியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். திரையில் மோதினால் உயிர் போகாது என்பது ஓட்டுநருக்குத் தெரியும். அதனால் நிஜமான பயம் இராது. சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். சிமுலேட்டரில் கண்டதைப் பிறகு நிஜச் சாலையில் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முதல் சோதனை எங்கே நடக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

குர்லா சொன்ன செய்தி

2024 டிசம்பர் 9ஆம் தேதி இரவு குர்லா மேற்கில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பெஸ்ட் நிறுவனம் குத்தகைக்கு எடுத்து ஓட்டிய 332ஆம் எண் மின்சாரப் பஸ், கூட்டத்துக்குள்ளும் வண்டிகள் மீதும் பாய்ந்தது. ஏழு பேருக்கு மேல் மாண்டார்கள். நாற்பது பேர் அளவில் காயமுற்றார்கள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டிய விஷயம். நான் சொல்லக் கூடாது. ஆனால் அத்தகைய பெரிய மின்சாரப் பஸ்ஸை ஓட்ட அந்த ஓட்டுநருக்குப் போதிய பயிற்சி தரப்பட்டிருந்ததா என்ற கேள்வி அன்று மும்பை முழுவதும் எழுந்தது.

வண்டி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். கிளட்ச்சும் கியரும் உள்ள வண்டியில் பழகிய காலுக்கு ஒரு தாளம் உண்டு. இடது கால் கிளட்ச்சுக்குப் போகும், வலது கால் பிரேக்குக்குப் போகும். மூளை யோசிக்கும் முன்பே கால் யோசித்துவிடும். மின்சார வண்டியில் கிளட்ச் இல்லை. கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஆக்சிலேட்டரைத் தொட்டவுடன் முழு இழுவையும் வந்துவிடும். எஞ்சின் சத்தம் கூடுவதைக் காதால் கேட்டு வேகத்தை உணரும் வழக்கமும் அங்கே செல்லாது. பல ஆண்டுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள ஓரிரண்டு நாள் போதுமா? பதற்றத்தில் எந்தக் கால் எங்கே போகும் என்று அந்த ஓட்டுநருக்கே முன்கூட்டித் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் இடம் சந்தை நேரத்துக் குர்லா அல்ல. நாலு சுவருக்குள் இருக்கும் சிமுலேட்டர்.

நாளை அதே பஸ்ஸில் தானாக பிரேக் போடும் கருவியும் வரும். கருவி எப்போது பிரேக் போடும், எப்போது போடாது என்று தெரியாத ஓட்டுநரிடம் அதை ஒப்படைப்பது இன்னொரு குர்லாவுக்கு வழி செய்வதாகிவிடக் கூடாது.

யாருடைய சாலை, யாருடைய கால்?

2018 மார்ச் 18 இரவு அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின் மீது மோதிக் கொன்றது. அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் அவர் வண்டியா, வேறு பொருளா, சைக்கிளா என்று மாற்றி மாற்றிக் குழம்பியது. காரணம் என்ன தெரியுமா? நடைபாதைக் கோடு இல்லாத இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பார் என்ற நினைப்பே அந்த இயந்திரத்துக்குச் சொல்லித் தரப்படவில்லை.

லேபர் கேம்ப்பிலும் தாராவியிலும் வாழும் நாம் எல்லோருமே கோடு இல்லாத இடத்தில் கடப்பவர்கள்தான். நமக்குக் கோடு போட்டுத் தந்தவர் யார்? போட்ட கோட்டிலும் வண்டி நிற்கிறது. நடைபாதையிலும் வண்டி நிற்கிறது. தலையில் சுமையோடு சாலையில் இறங்கி நடப்பது நமக்குப் பழக்கம் மட்டுமல்ல, வேறு வழியில்லாத நிலை. நம்மை மனிதராக அடையாளம் காணத் தெரியாத இயந்திரம் நம் தெருவுக்குள் வரக் கூடாது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யார் 2018இல் ஐதராபாத், பெங்களூர்ச் சாலைகளின் 10,000 படங்களைத் திரட்டி, ஆட்டோ, விலங்கு என்று வகை பிரித்து வெளியிட்டார்கள். நம் சாலையை இயந்திரத்தின் கண்ணுக்குக் கற்பிக்கும் நல்ல முயற்சி. அதே வேலை சிமுலேட்டர் சாலைக்கும் நடக்க வேண்டும். அகலமான, ஆளில்லாத, கோடு போட்ட சாலையைத் திரையில் காட்டிவிட்டு "இந்திய ஓட்டுநர் இப்படித்தான்" என்று முடிவு கட்டினால், அதுதான் உண்மையான ஏட்டுச் சுரைக்காய்.

சாலை நம்முடையதாக இருப்பது போல, இருக்கையில் உட்காருபவரும் நம்மவராக இருக்க வேண்டும். கல்லூரி மாணவரின் கால் வேறு. பன்னிரண்டு மணி நேரம் டிரெய்லர் ஓட்டிய ஐம்பது வயதுக்காரரின் கால் வேறு.

பழி யார் தலையில்?

வண்டி ஓட்டும் தம்பிமாருக்கு வேறொரு பயம் உண்டு. தானியங்கி வந்தால் வேலை போய்விடுமே என்பது அது. நியாயமான பயம். மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அவர்களே, ஓட்டுநர்களின் வேலையைப் பறிக்கும் ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவில் அனுமதிக்கமாட்டோம் என்று 2017இலும் 2023இலும் பேசியிருக்கிறார். ஆனால் வேலை போவதற்கு முன்பே வரக்கூடிய இன்னொரு ஆபத்தை நாம் கவனிக்கவில்லை.

டெம்பி விபத்தில் காருக்குள் மேற்பார்வைக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது உண்மை. 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். நிறுவனத்தின் மீது குற்ற வழக்கே இல்லை. இயந்திரத்தின் குழப்பத்துக்கு யாரும் கூண்டில் ஏறவில்லை. சம்பளத்துக்கு உட்கார்ந்தவர் ஏறினார். அமெரிக்காவிலேயே இப்படியென்றால், இங்கே விபத்து நடந்தவுடன் கூட்டம் முதலில் யார் சட்டையைப் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

அலுப்பூட்டும் வேலையில் மனிதனை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் அவன் கவனம் சிதறும். இது இயற்கை. சிமுலேட்டர் ஆய்வுகள் இதை அளந்து காட்டக்கூடியவை. "இந்தக் கருவி இத்தனை வினாடி அவகாசம்தான் தருகிறது, சராசரி ஓட்டுநருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்" என்று ஓர் ஆய்வு சொல்லுமானால், அது நீதிமன்றத்தில் ஓட்டுநருக்குக் கவசம். ஆய்வே நடக்காவிட்டால் "டிரைவர் அசட்டை" என்ற ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே, சிமுலேட்டரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர்களில் கடைசி ஆள் ஓட்டுநராகத்தான் இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஓட்டுநர் உதவிக் கருவி எதுவானாலும், பஸ்ஸிலோ லாரியிலோ பொருத்தும் முன் நம் நாட்டுச் சாலையைக் காட்டும் சிமுலேட்டரில், அந்தத் தொழில் செய்யும் ஓட்டுநர்களை வைத்துச் சோதிக்க வேண்டும். 90 அடி சாலையையும் 60 அடி சாலையையும் விடியற்காலையிலும், பள்ளி விடும் நேரத்திலும், மழை வெள்ளத்திலும் படம் பிடித்து அந்தத் திரைக்குள் கொண்டுபோக வேண்டும். சோதனைக்கு வரும் ஓட்டுநருக்கு ஒரு நாள் கூலியைக் கொடுக்க வேண்டும். கூலியை இழந்து யாரும் வரமாட்டார்கள். முடிவுகளை இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் ஓட்டுநர்களுக்கே சொல்ல வேண்டும். புதுவகை வண்டிக்கு மாறும் ஒவ்வொரு ஓட்டுநரும், கருவி பழுதாகும் நிலையை முதலில் சிமுலேட்டரில் கண்ட பிறகே பயணிகளை ஏற்ற வேண்டும்.

இவை அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை. நம் சங்கங்கள் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் பேச்சாளரை அழைக்கிறோம், அழைக்கத்தான் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பவாயிலிருந்து இத்துறை ஆராய்ச்சியாளர் ஒருவரையும் அழைப்போம். எதிரே நம் பஸ், லாரி, டாக்சி, ஆட்டோ ஓட்டுநர்களை உட்கார வைப்போம். அவர் சொல்வதை இவர்கள் கேட்கட்டும். இவர்கள் சொல்வதை அவர் குறித்துக்கொள்ளட்டும். முப்பது ஆண்டு ஓட்டியவனின் காலில் இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை அளந்து எழுதும் வித்தை நம்மிடம் இல்லை. இரண்டும் ஓர் அறையில் சந்தித்தால் நம் தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்ப அது ஒரு வழியாகும்.

சங்கப் பொறுப்பாளர்கள் ஆவன செய்வார்களாக!